ரெங்கம்மாவின் வயிற்றில் இருந்தது

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ரெங்கம்மாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும், முதலில் அவளுடைய பிடிவாதத்தைத்தான் சொல்வார்கள். கொழுந்து எடுக்கப் பேர் பதிந்த நாளிலிருந்தே அப்படி. மழை கொட்டினாலும் மலைக்குப் போவாள். அட்டை கடித்து இரத்தம் ஒழுகினாலும் நிரையை முடிக்காமல் இறங்கமாட்டாள். செருப்புப் போட்டால் சரிவில் வழுக்கும் என்று மற்றப் பெண்களைப்போல் அவளும் வெறுங்காலோடுதான் நடந்தாள். அந்த வெறுங்கால் வழியாக உள்ளே ஏறியவன் பல வருஷம் சத்தமில்லாமல் குடியிருப்பான் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

எண்பத்தொன்பதில் வீரய்யாவைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதன், கொஞ்சம் ஊதாரி. விஜிதா பிறந்து சில வருஷத்தில், தோட்டத்துச் சம்பளம் உப்புக்கும் புளிக்கும் போதவில்லை என்று கொழும்புக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தான். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவான். மகளுக்குச் சட்டை, ரெங்கம்மாவுக்குச் சேலை, லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய். இரண்டாயிரத்து இரண்டில் வந்தவன் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. இருமல், காய்ச்சல், எலும்பும் தோலுமான உடம்பு. கொழும்பிலே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள். அன்றைக்கே அவனுடைய கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் வராந்தாவின் கடைசியில் போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, காலால் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தினான் ஓர் ஊழியக்காரன். ரெங்கம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீரய்யா செத்ததைவிட அந்தக் காலைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

பிறகு அவளுடைய இரத்தத்தையும் எடுத்தார்கள், மகளுடையதையும் எடுத்தார்கள். அவளுக்கு இருந்தது. மகளுக்கு இல்லை. அன்றைக்கு அவள் ஓவென்று அழுதாள். தனக்கு இருக்கிறதே என்று அல்ல. மகளுக்கு இல்லை என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை அது.

லயத்தில் அடுத்த அறையான காம்பிராவில் இருந்தவள் யோகம்மா, வீரய்யாவின் அக்கா. தம்பி பெண்சாதியைத் துரத்திவிடு என்று தோட்டத்தில் பல பேர் ஓதினார்கள். யோகம்மா துரத்தவில்லை. அந்த அளவில் அவளைக் கும்பிடலாம். ஆனால் பதுளைக்குப் போய் பெரிய போத்தலில் டெட்டோல் வாங்கி வந்தாள். ரெங்கம்மா தொட்ட வாளி, குந்திய பலகை, போய்வந்த கக்கூஸ், எல்லாவற்றிலும் டெட்டோல். கொஞ்ச நாளில் ரெங்கம்மாவே, மதினிக்கு ஏன் வேலை வைக்க வேண்டும் என்று, தானாக ஊற்றிக் கழுவத் தொடங்கினாள். குடித்த கோப்பையில் இரண்டு சொட்டு. துடைத்த துணியில் இரண்டு சொட்டு. பிறருக்கு நம்மால் அருவருப்பு வரக்கூடாது என்பது அவளுக்கு ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. பாவம், அவளுக்கு எதிலும் வைராக்கியம்தான்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு வயிறு கெட்டது.

முதலில் வாரத்தில் இரண்டு நாள். பிறகு தினம். கொழுந்து மலையில் கக்கூஸ் ஏது? கூடையை இறக்கிவிட்டுத் தேயிலைச் செடிக்குள் ஓட வேண்டும். ஓடினால் பின்னால் சிரிப்பு. "ரெங்கம்மாவுக்குக் கொழுந்தவிட வேற சோலி நிறைய இருக்கு" என்று கங்காணி ஒருநாள் எல்லோரும் கேட்கச் சொன்னான். அவள் திருப்பி ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. கங்காணி வாயை மூடிக்கொண்டான், ஆனால் வயிறு மூடவில்லை. இரண்டாயிரத்து ஐந்து பிறந்தபோது அவளால் மலை ஏற முடியவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. வளையல் முழங்கை வரைக்கும் தானாக ஏறி இறங்கியது.

அந்த வருஷம்தான் அந்த நோய்க்குப் புது மருந்து வந்திருக்கிறது, இலவசமாகவே கொடுக்கிறார்கள் என்று பதுளை கிளினிக்கில் சொன்னார்கள். கிளினிக்கில் இருந்த டொக்டர் யசோதினி யாழ்ப்பாணத்துப் பெண். இளம் வயது, ஆனாலும் நின்று கேட்கிற பொறுமை உள்ளவள். ரெங்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னாள்.

"புது மருந்து துடங்கத்தான் வேணும். ஆனா இப்பிடி வயித்தாலை போய்க்கொண்டிருந்தா குளிசை உடம்பிலை நிக்காது. முதல் உங்கட வயித்துக்குள்ளை என்ன இருக்கெண்டு பிடிக்கவேணும். கெதியாப் பிடிக்கவேணும், அம்மா. வார்ட்டிலை நில்லுங்கோ."

"வார்ட்டு வேணாங்க" என்றாள் ரெங்கம்மா.

"ஏன்?"

"வேணாங்க." தட்டை நகர்த்திய அந்தக் காலைப் பற்றி அவள் சொல்லவில்லை.

யசோதினி ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பியை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் வெளிக்குப் போகிறபோது இதில் கொஞ்சம் எடுத்து, கெதியாகக் கொண்டுவந்து, சோதித்துப் பார்க்கிற லெபில் கொடுக்க வேண்டும் என்றாள். ரெங்கம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இதையா? பஸ்ஸிலா? மடியில் வைத்துக்கொண்டா?

ஆனால் மகளுக்குப் பதின்மூன்று வயது. அப்பன் இல்லாத பிள்ளைக்கு ஆத்தாளும் இல்லாமல் போனால் அவள் எந்த வீட்டுப் பாத்திரம் கழுவப் போவாளோ என்ற நினைப்பு ரெங்கம்மாவை நிம்மதியாகத் தூங்கவிடவில்லை. சாகக்கூடாது. வெட்கத்துக்காகச் சாவதென்றால் அதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறு இல்லை. டப்பியை வாங்கிக்கொண்டாள்.

பதுளைக்குப் போவதென்றால் அவளுக்கு ஒரு முறை இருந்தது. முந்தின நாள் பகலோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். பெரகலை ஏறி, அப்புத்தளை, பண்டாரவளை என்று பஸ் வளைந்து வளைந்து போகிறபோது நடுவழியில் வயிறு கலக்கினால் எங்கே இறங்குவது? அதனால் வெறும் வயிறு, ஒரு மிடறு தேத்தண்ணி. டப்பியில் விடியற்காலையிலேயே எடுத்து வைத்துவிடுவாள். அதை நாலு பையில் சுற்றி, அதற்குமேல் ஒரு துணிப்பை. புறப்படுமுன் இன்னொரு வேலையும் செய்வாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

முதல்முறை கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை என்று ரிப்போட் வந்தது. இரண்டாம் முறையும் ஒன்றும் இல்லை. யசோதினி இரத்தத்தையும் சோதித்தாள். வயிற்றில் புழு இருந்தால் இரத்தத்தில் கூடவேண்டிய ஒரு வகை அணு கூடவே இல்லை.

"தோட்டத்திலை வயித்துப் பூச்சிக்கு மருந்து குடிச்சனீங்களோ?"

"குடிச்சேங்க. பிள்ளைகளுக்குக் குடுத்தப்ப எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க."

"அப்ப புழுவா இருக்க ஏலாது. அந்த வைரசே குடலைக் கெடுக்கும், சில ஆக்களுக்கு." யசோதினியின் குரலில் உறுதி இல்லை.

மூன்றாம் முறையும் அதே பதில்தான் வந்தது. ஒன்றும் இல்லை. யசோதினி பேனாவை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். ரெங்கம்மாவுக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே பலமில்லை. ஆனால் அவள் எழுந்திருக்காததற்குக் காரணம் அது அல்ல.

"இல்லீங்க டொக்டரம்மா. உள்ள ஏதோ இருக்கு. எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

ரெங்கம்மா கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. இத்தனை மாதமாக யாருக்கும் காட்டாத ஒன்றைக் காட்டுவதா விடுவதா என்று ஒரு நிமிஷம் தவித்தாள். காட்டவேண்டிய இடம் அப்படி. கடைசியில் எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொசுவத்தைத் தளர்த்தி இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தைக் காட்டினாள். தோலில் ஒரு சிவப்புக் கோடு, நூல் இழை ஒட்டியதுபோல் நெளிந்து கிடந்தது.

"இது காலையில பஸ் ஏறுறப்ப இங்க இருந்துச்சுங்க. இப்ப இங்க வந்துருச்சு. அரிக்கும். ஊரும். ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் போயிரும். மறுபடி வரும்."

யசோதினி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"ஏனம்மா இவ்வளவு நாளும் காட்டேல்லை?"

"இதையெல்லாம் எப்பிடிங்க காட்டுறது?"

"வாங்கோ என்னோட" என்று அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு லெபுக்குப் போனாள் யசோதினி.

லெபில் இருந்தவர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். எப்போதும் யாரோ தன் மைக்ரஸ்கோப்பைத் திருடப் போகிறார்கள் என்பதுபோல் ஒரு முகம். யசோதினி விஷயத்தைச் சொன்னாள். தோலுக்குக் கீழே புழு ஓடுகிறது, ஆனால் மூன்று சாம்பிளிலும் ஒன்றும் இல்லை, எப்படி?

"சாம்பிளிலை இருந்தால்தானே நான் சொல்லலாம்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்டு சொல்லுறன், டொக்டர். இந்த அம்மாவின்ர டப்பி ஒவ்வொரு முறையும் டெட்டோல் மணம். வெளியாலை கழுவிக் கொண்டுவாறா எண்டு நினைச்சு விட்டிட்டன்."

இரண்டு பேரும் திரும்பி ரெங்கம்மாவைப் பார்த்தார்கள்.

"வெளியாலயும் கழுவுவேங்க" என்றாள் ரெங்கம்மா. ஏதோ நல்ல காரியம் செய்து பிடிபட்டவள்போல் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம். "உள்ளயும் ரெண்டு மூடி ஊத்துவேன். ஐயா கையால தொடுறீங்க. என் வியாதியும் அப்பிடி. நாத்தம் வேற. ஒங்களுக்கு அருவருப்பா இருக்கக்கூடாதில்லீங்களா?"

இரகுநாதனுக்குக் கோபம் வருவதுபோல் வாய் திறந்தது, ஆனால் மூடிக்கொண்டது. யசோதினி ரெங்கம்மாவின் தோளில் கைவைத்தாள்.

"அம்மா, டெட்டோல் ஊத்தினா உள்ளை இருக்கிறது எல்லாம் செத்துக் கரைஞ்சுபோம். பிறகு இவர் எதைப் பாக்கிறது? கள்ளனைப் பிடிக்க ஆளை அனுப்பிப்போட்டு, நாங்களே கள்ளனை ஒளிச்சு வைச்சமாதிரி."

மூன்று மாதம். மூன்று முறை அந்த வளைந்த ரோட்டில் வெறும் வயிற்றோடு வந்து போனது. எல்லாம் அவளுடைய சொந்தக் கையால் ஊற்றிக் கெடுத்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. டெட்டோல் மேல் அல்ல, மதினி மேல்கூட அல்ல. எல்லோரும் தன்னைப் பார்த்து மூக்கைப் பொத்துவதற்கு முன்னால் தானே தன்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாளே, அந்தப் புத்தி மேல்தான் ஆத்திரம்.

யசோதினி அவளை உட்காரவைத்து விளக்கினாள். இந்தப் புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும். தோட்டத்தில் கொடுக்கிற ஒரு மாத்திரைக்கு எல்லாம் அசையாது. குடலுக்குள்ளேயே குட்டி போட்டு வருஷக்கணக்கில் இருக்கும். மற்றவர்களுடைய உடம்பு அதைப் பெருகவிடாமல் அடக்கி வைத்திருக்கும். "உங்கட உடம்பிலை அடக்கிற படை குறைஞ்சுபோச்சு. அதுதான் அவர் ஆடுறார். அந்தப் படை குறைஞ்சபடியால்தான் இரத்தத்திலையும் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லையெண்டு நானும் புழு இல்லையெண்டு நினைச்சிட்டன். பிழை என்னிலையும் இருக்கு."

"இப்ப என்ன செய்யணும்?"

"புதுசா வேணும். வெளிக்குப் போன கையோட, சூடாக் கொண்டுவரவேணும். நாளைக்கு..."

"நாளைக்கு வேணாங்க. இன்னைக்கே" என்றாள் ரெங்கம்மா.

"இண்டைக்கு நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை."

"சாப்புடுறேன்."

இரண்டு மணிக்குப் பிறகு சாம்பிள் எடுக்கமாட்டோம் என்று இரகுநாதன் நினைவுபடுத்தினார். ரெங்கம்மா புது டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ளே போய் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவரச் சொன்னாள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த வயிறு. இருந்தாலும் பசி என்று ஒன்று இல்லை, பல மாதமாகவே இல்லை. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டும். குமட்டலை விழுங்கி, ரொட்டியையும் விழுங்கினாள். பருப்பு கேட்டாள். அதையும் உள்ளே தள்ளினாள். மேலே ஒரு கோப்பை பால்தேத்தண்ணி. கடைக்காரன் இந்த ஒல்லிப் பொம்பளை இவ்வளவும் எங்கே போடுகிறாள் என்று பார்த்தான். பார்க்கட்டும்.

பிறகு ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வேண்டாத நேரத்தில் எல்லாம், மலையில், சுடுதண்ணி வைக்கிறபோது, கோயிலில் கற்பூரம் காட்டுகிறபோது, ஓட ஓட விரட்டிய வயிறு, இன்றைக்கு நல்ல பிள்ளைபோல் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. அவள் எழுந்து நடந்தாள். வராந்தாவின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு. தண்ணீர் குடித்தாள். இன்னும் நடந்தாள். சுவரில் இருந்த மணிக்கூடு ஓடிக்கொண்டே இருந்தது. "ஏண்டா, இன்னைக்குத்தானா ஒனக்கு மானம் ரோசமெல்லாம் வந்துச்சு?" என்று வயிற்றைப் பார்த்து மெதுவாகத் திட்டினாள். எதிரே வந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

திட்டியது பலித்தது. வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. அரக்கப்பரக்க உள்ளே ஓடினாள்.

வெளியே வந்தபோது லெபின் ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. ரெங்கம்மா டப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். பையில்லை, துணியில்லை, சுற்றவில்லை. வரிசையில் நின்ற சனம் விலகியது. யார் மூக்கைப் பொத்தினார்கள், யார் பொத்தவில்லை என்று அவள் பார்க்கவில்லை.

"ஐயா!"

"நேரம் முடிஞ்சுது. நாளைக்கு வாங்கோ."

"நாளைக்கு நான் இருப்பேனான்னு எனக்குத் தெரியாதுங்க. இது இப்ப சூடா இருக்கு. ஒரு சொட்டு டெட்டோல்கூட இல்ல."

இரகுநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் நீட்டிய கை பின்வாங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலை மேலே தூக்கி டப்பியை வாங்கினார்.

அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. இரகுநாதன் கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைப்பதைப் பார்த்தாள். குனிந்தார். ஒரு கையால் எதையோ திருகினார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. இதுவும் இல்லை என்றால் இனி எதுவும் இல்லை.

"இஞ்ச வாங்கோ" என்றார் அவர்.

வெளி ஆட்களை உள்ளே விடாத மனிதன், கதவைத் திறந்துவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதில் பாருங்கோ என்றார். முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு குப்பை குப்பையாக ஏதோ. பிறகு அதற்கு நடுவில் ஒன்று நெளிந்தது. சின்னதாக, மெல்லியதாக, வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்து, ஓரிடத்தில் நிற்காமல்.

"உசுரோட இருக்கா?"

"ஓம். நல்ல உசிரோட."

ரெங்கம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என் சோத்தையெல்லாம் தின்னது நீதானாடா" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இரகுநாதன் வேறு பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார்.

அன்றைக்கு யசோதினி வார்ட் என்று சொல்லவே தேவைப்படவில்லை. "வார்ட்டுல போடுங்க. மருந்து முடியிற வரைக்கும் நிக்கிறேன்" என்று ரெங்கம்மாவே சொன்னாள். வார்ட் வாசலில் ஓர் ஊழியக்காரன் அவளுடைய வார்ட் துண்டுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மிஸ்ஸியின் காதில் ஏதோ குசுகுசுத்தான். ரெங்கம்மா அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏன் குசுகுசுக்கிறீங்க? எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. வயித்துல புழுவும் இருக்கு. ரெண்டுக்கும் மருந்து இருக்குன்னு டொக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்குக் கட்டிலக் காட்டுங்க. நடுவுல இருக்கிற கட்டில். கடைசியில வேணாம்."

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸி நடுவில் இருந்த ஒரு கட்டிலின் விரிப்பை உதறிப் போட்டாள்.

புழு மருந்து தொடங்கி ஒரு வாரத்தில் ஓட்டம் அடங்கியது. புது மருந்தை வருகிற திங்கட்கிழமை தொடங்கலாம் என்று யசோதினி சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானம், யோகம்மா விஜிதாவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தாள். கட்டிலுக்குக் கிட்ட வரலாமா கூடாதா என்று தெரியாமல் கால்மாட்டிலேயே நின்றாள். கையில் சோற்றுப் பொட்டலம். விஜிதா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி, எப்பிடி இருக்க?" என்றாள் யோகம்மா.

பொட்டலத்திலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இது என்ன என்று அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. அது மறந்தே போயிருந்தது.

"மதினி" என்றாள். "எனக்குப் பசிக்குது."

யோகம்மா கட்டிலில் ஏறி, ரெங்கம்மாவை ஒட்டியே உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் பிரித்தாள். கையை விட்டுச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, முதல் கவளத்தை அவள் வாய்க்குக் கொண்டுபோனாள். ரெங்கம்மா தின்றாள். அடுத்ததைத் தின்றாள். பொட்டலம் காலியானதும், "இவ்வளவுதான் கொண்டாந்தியா?" என்று கேட்டாள்.